ஏகாம்பரம் திரும்பிய இடம்

சென்ற மாதம் நந்தினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற நாளிதழில் இப்போது கலைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவள். "மேடம், ஒரே பக்கத்துல மூணு தடவ 'அசத்தினார்' வந்துடுச்சு. வேற நல்ல வார்த்த ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேட்கிறவள் சரியான ஆளிடம்தான் கேட்கிறாள். ஜொலித்தார், மிளிர்ந்தார், ஜமாய்த்தார், பின்னியெடுத்தார், வாழ்ந்து காட்டினார், அரங்கைக் கட்டிப்போட்டார். இந்தச் சரக்கையெல்லாம் சென்னையில் என்னைவிட அதிகமாகச் செலவழித்தவர் யாரும் இருக்க முடியாது. எந்த நடிகருக்கு எதை எடுத்து மாட்டினாலும் பொருந்தும். அளவெடுக்கவே வேண்டாம்.

"வார்த்தை கிடக்கட்டும், ஒரு ஆளைப் பற்றிச் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பேசியும் பாதிக்கு மேல் தாண்டவில்லை. அவளுக்குப் பக்கம் முடிக்கிற அவசரம். "எழுதியே குடுத்துடுங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். சரி, எழுதிவிடுகிறேன். இதில் பெருமைப்பட எனக்கு அதிகம் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது புரூப் ரீடராக. ஏழு வருடம் மற்றவர்கள் செய்த பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவரை மதுரைப் பதிப்புக்கு மாற்றியபோது, அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது. என் வீடு கே.கே. நகர். தி. நகர் சபாக்கள் எனக்கு வீட்டுக்குப் போகிற வழி. அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் நான் விமர்சகர் சுலோசனா ஆனேன்.

அந்தத் தொண்ணூறுகளில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று வாரத்துக்கு நாலைந்து நாடகமாவது நடக்கும். பெரும்பாலும் சோபா ஒன்றைப் போட்டுச் சுற்றிச் சுற்றி நின்று ஜோக் அடிக்கிற நாடகங்கள். இரண்டு மூன்று குழுக்கள்தான் பாட்டு நாடகம் போட்டன. மேடையின் ஓரத்தில் ஹார்மோனியமும் மிருதங்கமும் இருக்கும். நடிகரே பாடுவார், ஆடுவார், வசனம் பேசுவார். பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைக்கிற வேலை கிடையாது.

பத்திரிகைக்காரர்களுக்கு முன்வரிசை. உட்கார்ந்ததும் கையில் ஒரு நோட்டீஸ் தருவார்கள். கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், எந்தக் காட்சியில் எந்தப் பாட்டு, எல்லாம் அதில் இருக்கும். இடைவேளையில் சபா கேன்டீனில் எங்களுக்கு ரவா கிச்சடியும் காபியும். கிச்சடி இறங்கியதும் நாங்களும் இறங்கிவிடுவோம். பின்பாதிக்குத்தான் நோட்டீஸ் இருக்கிறதே! இடைவேளைக்குப் பிறகு முன்வரிசை காலியாக இருக்கும் என்பது சபாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சில செயலாளர்கள் தங்கள் வீட்டு ஆட்களைப் பின்வரிசையில் உட்காரவைத்து, இடைவேளை முடிந்ததும் முன்னால் கூட்டிவருவார்கள். எட்டரைக்கு மேல் பஸ்ஸில் ஏற முடியாது, பையனுக்குப் பரீட்சை என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால் சோம்பல்தான்.

இது எங்கள் பொறுப்பாசிரியர் ரங்கநாதன் சாருக்குத் தெரியாது. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பரம்பரையாக இருக்கிற குடும்பம் அவருடையது. காதில் எப்போதும் ஒரு பென்சில். விமர்சனத்தைக் கொடுத்தால், உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டே படிப்பார். அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் வேறு எந்தப் பத்திரிகையிலும் கிடையாது. விமர்சனத்தின் தலைப்பகுதியில், ஓரமாக, மூன்று விஷயங்களைக் கையால் எழுத வேண்டும். எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாய், எத்தனை மணிக்குத் திரை விலகியது, எத்தனை மணிக்கு விழுந்தது. அச்சில் அது வராது, அவருக்கு மட்டும்தான். நான் முதல் இரண்டையும் உண்மையாக எழுதுவேன். மூன்றாவதை நோட்டீஸைப் பார்த்து உத்தேசமாகப் போடுவேன். ஆறு வருடம் போட்டேன். அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். சாதாரணமாக என்னை 'நீ' என்று பேசுகிறவர் திடீரென்று 'நீங்கோ, வாங்கோ' என்று மரியாதைக்குத் தாவிவிடுவார். அலுவலகமே அந்த மரியாதைக்குப் பயப்படும்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு என்னைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. கையில் வெள்ளை நாடாவால் கட்டிய ஒரு கோப்பு. யாரென்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னா மேடம், அடையாளம் தெரியலையா? ஏகாம்பரம். குயவன் நாடகத்துல மூணு வேஷம் கட்றேனே" என்றார். பிறகு அவரே சிரித்து, "பரவால்ல. மூஞ்சில பவுடர் பூசிக்கினு நின்னாத்தான் எனக்கே என்னத் தெரியும்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறு வருடமாக நான் 'பன்முகக் கலைஞர்' என்று எழுதிக்கொண்டிருந்தது இவரைத்தான். அந்த முகங்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை.

அவர் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு வெளியே டைப் அடிக்கிறவர். மனு, வக்காலத்து, பத்திரம். எதிரே கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்த பிறகு வேலை குறைந்துகொண்டே போனது. அந்தச் சமயத்தில் தரமணிப் பக்கம் ஒரு கலைப் பயிற்சி நிலையத்தில் பாட்டு நடிப்பு சொல்லித்தர ஆள் தேடியிருக்கிறார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேடை அனுபவத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்று விளம்பரம். இவர் தன்னைப் பற்றி வந்த பதினாலு விமர்சனங்களை, கோர்ட் பழக்கத்தில் இணைப்பு 1, இணைப்பு 2 என்று எண் போட்டு அனுப்பியிருக்கிறார். பதில் வந்திருந்தது. அதை என் மேஜையில் வைத்தார்.

'தங்கள் இணைப்புகளில் உள்ள பாராட்டுகள் பொதுவானவையாக உள்ளன. தாங்கள் மேடையில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்த்து எழுதிய ஒன்றேனும் இருந்தால் மாத இறுதிக்குள் அனுப்பவும்' என்றிருந்தது.

"இதக் கொண்டாந்து உங்களாண்ட சண்ட போடல மேடம். ஒரு விஷயம் காட்டணும்" என்று கோப்பைப் பிரித்தார். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். "பாருங்க. 'குரலாலும் உடல்மொழியாலும் ரசிகர்களைக் கட்டிப்போட்டார்.' உங்க அஞ்சு கட்டிங்லயும் இதே வரி கீது. சரி, போவட்டும். இது பாருங்க, இது என்னுது இல்ல. வேற ஒருத்தரு நாடகம். அவருக்கும் அதே வரி. 'குரலாலும்.' மேடம், அவரு பாடவே மாட்டாரு. காமெடி பண்றவரு."

தண்ணீர் குடித்தேன்.

"கோர்ட்டுல ஒருத்தன் கூண்டேறி, இவரு ரொம்ப நல்லவருங்கன்னு சொன்னா வக்கீலு வுடுவாரா? நீ எங்க நின்னுகினு இருந்த, இன்னாத்தப் பார்த்த, அத மட்டும் சொல்லுன்னுவாரு. எனக்குப் பதினாலு சாட்சி கீது. ஒருத்தரும் என்னப் பாக்கல மேடம்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு இணைப்பு 9-ஐ எடுத்தார். முந்தின வருடம் மயிலாப்பூர் சபாவில் நடந்த குயவன் நாடகத்துக்கு நான் எழுதியது. 'இறுதிக் காட்சியில், மகனை இழந்த தாயாகத் தன் இனிய குரலால் பாடி அரங்கையே கண்ணீரில் ஆழ்த்தினார்.'

"அன்னிக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு மேடம். இடைவேளைக்கு அப்பால சுத்தமா சத்தமே வரல. கடைசிப் பாட்டு நான் பாடவே இல்ல. ஹார்மோனியம் மட்டும் மெட்ட வாசிச்சிச்சு. நான் குந்திக்கினு செத்த புள்ள செஞ்ச பானைங்களத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வாய் மட்டும் அசைஞ்சுது. இருபது வருஷமா மேட ஏர்றேன். அதுபோல ஒருநாளும் அமைஞ்சதில்ல. சனம் மூச்சு வுடல." கட்டிங்கைக் கோப்பில் திரும்ப வைத்தார். "முன்வரிசைல பார்த்தேன். யாரோ ஒரு மாமி ஸ்வெட்டர் பின்னிக்கினு இருந்தாங்க."

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. கிச்சடியில் முந்திரி அதிகமாக இருந்தது. அது ஒன்றுதான் எனக்கு ஞாபகம் இருந்தது.

பதற்றத்தில், அந்த நிலையத்துக்கு நானே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "லெட்டரு வேணாம் மேடம். வர்ற ஞாயித்துக்கெழம தி. நகர்ல போடறோம். இந்த மாசத்துக்கு அது ஒண்ணுதான். வந்து கடைசி வரிக்கும் குந்திக்கினு பாருங்க. பார்த்தத எழுதுங்க. திட்டி எழுதினாலும் சர்த்தான்."

அவர் போன பிறகு நேராக ரங்கநாதன் சார் மேஜைக்குப் போனேன். எனக்கு வீரம் ஒன்றும் கிடையாது. இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். இணைப்பு 9, கிச்சடி, திரை விழுந்ததாக நான் உத்தேசமாகப் போட்ட மணி.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். "உட்காருங்கோ" என்றார்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"எத்தனை தடவை இப்படி?"

"கணக்கு இல்ல சார்."

"அந்தப் பாட்டைப் பாடலைன்னு இப்பத்தான் தெரியறதா உங்களுக்கு?"

"ஆமா சார்."

"உங்களை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் பக்கம் முடிச்சுட்டு ஆறு மணிக்கெல்லாம் ஆத்துக்குப் போயிண்டிருந்தேன். ஒருநாள் சபாவுக்கு வந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, "திருத்தம் எழுதுங்கோ. இந்த வெள்ளிக்கிழமையே போயிடணும்" என்றார்.

விமர்சனத்துக்குத் திருத்தம் போட்டதாக அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பெயரைத் தப்பாகப் போட்டால் திருத்துவார்கள். இது அப்படி இல்லையே. என் கையாலேயே எழுதினேன். 'சென்ற ஆண்டு மயிலாப்பூரில் நடைபெற்ற குயவன் நாடகம் பற்றிய விமர்சனத்தில், தாயின் இறுதிப் பாடல் பாடப்பட்டதாக எழுதியிருந்தோம். அன்று அப்பாடல் பாடப்படவில்லை. பின்பாதியை எங்கள் விமர்சகர் சுலோசனா பார்க்கவில்லை. வருந்துகிறோம்.' என் பெயரை நான் போடவில்லை. அதை அவர்தான் பென்சிலால் சேர்த்தார்.

அந்தப் பெட்டிச் செய்தி வெளியான அன்று மற்றப் பத்திரிகை விமர்சகர்கள் எனக்குப் போன் செய்து திட்டினார்கள். உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா, எங்கள் பிழைப்பிலும் மண்ணைப் போடுகிறாயே என்றார்கள். சரியாக மூன்று வாரத்துக்கு எந்தச் சபாவிலும் முன்வரிசையில் ஒருவர்கூட இடைவேளையில் எழுந்து போகவில்லை என்று பிற்பாடு ஒரு செயலாளர் சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டு ஆட்களுக்குத்தான் கஷ்டமாம்.

எனக்கு வேறு கவலை. இந்தத் திருத்தத்தால் ஏகாம்பரத்தின் இணைப்புகளில் ஒன்று பொய்யாகிவிட்டதே! கோர்ட் வாசலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். டைப்ரைட்டரிலிருந்து கையை எடுக்காமலே, "பொய் சாட்சி தானா வெலகிக்கினா கேஸுக்கு நல்லதுதான் மேடம். நீங்க ஞாயித்துக்கெழம வந்துடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்வரிசை வேண்டாமென்று பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். நோட்டீஸை வாங்கி மடித்துக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டேன். ஆறு முப்பத்தெட்டுக்குத் திரை விலகியது.

குயவன், அவனுடைய தாய், வரி கேட்டு வரும் மணியக்காரர். மூன்றும் ஏகாம்பரம். ஆடை மாற்றுவதற்கு நேரமே கிடையாது, ஒரே ஒரு துண்டுதான். குயவனுக்கு அது தலைப்பாகை, தாய்க்கு முக்காடு, மணியக்காரருக்குத் தோளில் மடித்த அங்கவஸ்திரம். இதைத்தான் நான் ஆறு வருடமாக 'பன்முகம்' என்று ஒரே வார்த்தையில் கடந்து போயிருந்தேன்.

குயவன் மண்ணை மிதித்துக்கொண்டே பாடினான். கால் கீழே இறங்கும்போதெல்லாம் மூச்சு. பாட்டின் வரி எங்கே முடிகிறது என்று அவன் பார்க்கவில்லை, மிதி எங்கே விழுகிறதோ அங்கே நிறுத்தினான். வேலை செய்கிறவன் பாடினால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாயாக வந்தபோது குரலை மெல்லிசாக்கவில்லை, கீச்சுக் குரல் இல்லை. அதே குரல்தான். ஆனால் தாய் ஒரு சொல்லின் நடுவிலேயே மூச்சு வாங்கினாள். உட்காரும்போது முதலில் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள், பிறகுதான் முழங்காலை மடித்தாள். மணியக்காரர் அசையவே இல்லை. முகவாயை மட்டும் தூக்கிக்கொண்டு சின்னச் சின்ன ஸ்வரங்களாக உதிர்த்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குச் சபையில் குழந்தைகள்கூடப் பயந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு தாயும் மணியக்காரரும் பாட்டிலேயே வாதாடும் காட்சி. இரண்டு பேரும் அவர்தான். துண்டு தோளிலிருந்து தலைக்குப் போகும், இரண்டடி நகர்வார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நான் துண்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மேடையில் இரண்டு பேர் நின்றார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள், "பாவி, அந்தக் கெழவிய வுடேன்டா" என்று மணியக்காரரைத் திட்டினார்.

கடைசிப் பாட்டில் எனக்குக் கண்ணீர் வந்தது. நாடகத்துக்காக மட்டும் அழவில்லை. ஆறு வருடமாக இது என் கண்முன்னால் நடந்திருக்கிறது, நான் பஸ் பிடிக்கப் போயிருக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

ஆனால் அன்றைக்கு நான் பார்க்கத்தான் போயிருந்தேன். பார்த்ததில் ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு பாட்டிலும் சரணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஏகாம்பரம் சபையிலிருந்து முகத்தைத் திருப்பி, ஹார்மோனியம் இருந்த ஓரத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். கடைசிப் பாட்டில் அது மிக மோசமான இடத்தில் வந்தது. தாயின் முகத்தை நாம் பார்த்தே ஆக வேண்டிய நேரத்தில் அவளுடைய பின்னந்தலைதான் தெரிந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்குத் திரை விழுந்தது.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். துண்டு, மிதி, மூச்சு, உள்ளங்கை எல்லாம் இருந்தன. ரங்கநாதன் சார் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். 'அற்புதமாக' அடிபட்டது. 'உன்னதமான' அடிபட்டது. அவை போன பிறகும் பக்கம் நிறையவே மிச்சம் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"நன்னா இருக்கும்மா. குறைன்னு ஒண்ணும் படலையா?"

மரியாதை போய் 'ம்மா' வந்ததில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் கேள்வி மாட்டிவிட்டது. "ஒண்ணு இருக்கு சார்" என்று திரும்பிப் பார்க்கிற விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் எழுதலை?"

"இத அந்த நிலையத்துக்காரங்க படிப்பாங்க சார். வேலையே இதுலதான் இருக்கு அவருக்கு. டைப் அடிச்சு இனிமே காலம் தள்ள முடியாது. ஒரு வரியால கெட்டுப்போயிடக் கூடாதில்ல?"

"நீ அவாளுக்கு எழுதறியா, நம்ம வாசகனுக்கு எழுதறியா?" என்றார். தாளை என்னிடம் நீட்டி, "வேலை கிடைக்கணும்னு எனக்கும்தான் ஆசை. ஆனா அந்த மனுஷன் உன்னைக் கூப்பிட்டது பார்த்ததை எழுதத்தானே? திட்டினாலும் சரின்னு சொன்னார்னு நீதானே சொன்னே?" என்றார்.

தாளை வாங்கிக்கொண்டு போய், ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'ஒவ்வொரு சரணத்துக்கும் முன்பு சபைக்கு முகத்தை மறைத்து ஹார்மோனியத்தின் பக்கம் திரும்பிவிடுகிறார்; சுருதியைத் தேடுகிறார் போலும்.' பாடகனுக்கு இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. ரங்கநாதன் சார் படித்துவிட்டுத் தலையசைத்தார். பென்சில் அந்த இடத்தில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியானது. ஏகாம்பரம் வரவில்லை, போனும் இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் நூறு தடவை அடித்து அடித்து எழுதினேன். எங்கிருந்து எனக்கு இந்த நேர்மை வந்தது? ஆறு வருடம் பொய் எழுதிவிட்டு, ஒரு மனிதனுக்கு வேலை கிடைக்கப்போகிற நேரம் பார்த்தா உண்மை பொத்துக்கொண்டு வர வேண்டும்? சைதாப்பேட்டை வழியாகப் பஸ் போகும்போது கோர்ட் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் வந்தார். கையில் கோப்பு இல்லை.

"வேல கெடச்சிடுச்சுக்கா" என்றார்.

மேடம் போய் அக்கா வந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். அப்போது எனக்கு எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை. "அந்த வரி இருந்துமா?" என்று கேட்டேன்.

"அந்த வரியாலதாங்க்கா" என்றார். உட்கார்ந்து சொன்னார். "மூணு பேரு குந்தியிருந்தாங்க. நடுவுல ஒரு அம்மா, வயசானவங்க. உங்க கட்டிங்க கைல வச்சிக்கினு, மூச்ச பத்தி, மிதிய பத்தியெல்லாம் கேட்டாங்க. செஞ்சு காட்டினேன். அப்பால அந்த வரியப் படிச்சாங்க. 'இன்னாப்பா, உனக்குச் சுருதி நிக்காதா'ன்னாங்க. எனக்குச் சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. கடசில, வெளிய யாராண்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கினு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"எங்க ஹார்மோனியம் தணிகாசலம் நைனா கீறாரு இல்ல, அவருக்கு ரெண்டு வருஷமா கண்ணு போய்க்கினே கீதுக்கா. ஆப்ரேஷன் பண்ணாலும் வராதுன்னுட்டாங்க. மேட லைட்டுல அவருக்கு என் கை சுத்தமா தெரியாது. சரணம் எப்ப எடுக்கப் போறேன்னு எப்டித் தெரியும்? அதான் நான் அவரு பக்கம் திரும்பி மூச்ச இழுப்பேன். அந்தச் சத்தத்துல புடிச்சுக்குவாரு. இதுவரிக்கும் ஒரு தடவ கூடத் தவறினதில்ல. அந்தம்மா கேட்டுட்டு, அங்க இருந்த பாட்டு வாத்தியார ஹார்மோனியத்தாண்ட குந்த வச்சு, கண்ண மூடிக்கினு வாசிங்கன்னாங்க. நான் பாடினேன். திரும்பி மூச்ச இழுத்தேன். கரீட்டா புடிச்சாரு. 'மேடைல கூட இருக்கறவங்கள வுட்டுட்டுப் போற நடிகனத்தான் நாங்க நிறையப் பார்த்துட்டோம், ஒண்ணாந்தேதி வந்து சேருப்பா'ன்னுட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அவர் திரும்பியதை நான் சரியாகத்தான் பார்த்தேன். ஏன் திரும்பினார் என்பதை மட்டும் என் இஷ்டத்துக்கு இட்டுக்கட்டினேன். ஊரறிய ஒரு பாடகனுக்குச் சுருதி தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.

"இந்த வெள்ளிக்கிழமையே திருத்தம் போட்டுடறேன் ஏகாம்பரம். எங்க சார் ஒத்துக்குவார்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, வேணாங்க்கா. போட்டீங்கன்னா நைனாவுக்குக் கண்ணு தெரியலன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். வேற ஆளப் போடுன்னு சபாக்காரங்க நிப்பாங்க. அவருக்கு அந்தப் பொட்டிய வுட்டா வேற இன்னா கீது? என் பேர்ல ஒரு கொற தான? இருந்துட்டுப் போவட்டும்."

ரங்கநாதன் சாரிடம் சொன்னேன். தவறு என்று தெரிந்தால் அரைப் புள்ளியைக்கூட விடாத மனிதர், இந்தத் தடவை திருத்தம் எழுதச் சொல்லவில்லை. அலுவலகக் கோப்பிலிருந்து அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'தவறு நம்முடையது' என்று பென்சிலால் எழுதி மூடினார்.

தணிகாசலம் ஐயா அதற்குப் பிறகும் பல வருடம் வாசித்தார். ஒரு சபாவும் அவரை மாற்றச் சொல்லவில்லை. ஏகாம்பரம் மாதம் ஒரு மேடை ஏறினார், மற்ற நாட்களில் தரமணியில் சொல்லிக்கொடுத்தார். நான் ஓய்வுபெறும் வரை எத்தனையோ தடவை அவரைப் பார்த்து எழுதினேன். ஒவ்வொரு தடவையும் சரணத்துக்கு முன்னால் திரும்பினார். வேறு பத்திரிகைக்காரர்களும் அதைக் குறையாக எழுதத் தொடங்கினார்கள். நான் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

தணிகாசலம் ஐயா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நந்தினிக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஏகாம்பரத்துக்குப் போன் செய்து, இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவரும் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். "இப்ப எழுதுங்கக்கா. நைனா கோச்சிக்க மாட்டாரு" என்றார்.

ஆகவே, ஒரு திருத்தம். குயவன் நாடகத்தில் ஏகாம்பரம் சுருதியைத் தேடுவதாக இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் தேடவில்லை. கண் தெரியாத தன் ஹார்மோனியக்காரர் கேட்கட்டும் என்று மூச்சை இழுத்தார். வருந்துகிறேன்.